பொத்தானில் சந்தனம்

பாத்து எடுங்க தம்பி, மூடி ஆடுது. துணியோடவே மேசை மேல வையுங்க. அது எம் பொண்ணோட பழைய பாவாடை, தூசி படக் கூடாதுன்னு சுத்தி வெச்சிருந்தேன். பன்னெண்டாவது படிக்கறப்ப அரசாங்கத்துல இலவசமாக் கொடுத்த லேப்டாப்புங்க. பள்ளிக்கூடத்துல வரிசையில நின்னு வாங்கிட்டு வந்தா. அன்னைக்கு அவங்கப்பா இதைத் தோள் மேல வெச்சுத் தூக்கிட்டு ஊருக்குள்ள ஒரு சுத்து சுத்திட்டுத்தான் வீட்டுக்கு வந்தாரு. எம் பொண்ணு கம்ப்யூட்டர் வாங்கியிருக்கறான்னு டீக்கடையில எல்லாம் காட்டினாரு.

இப்ப எந்திரிக்க மாட்டேங்குது. பொத்தானை அமுக்கினா லைட்டும் இல்லை, சத்தமும் இல்லை. எப்படியாச்சும் ஒருக்கா எழுப்பிக் கொடுத்துருங்க. ஒருக்கா எந்திரிச்சாப் போதும்.

"பழைய போட்டோ இருக்குது, எடுக்கணும், அவ்வளவுதான் சொல்லோணும். வேற ஒண்ணும் பேசக் கூடாது." அப்படிச் சொல்லித்தான் அனுப்புனாரு எங்கூட்டுக்காரரு. அதோ அந்த வேப்ப மரத்தடியில வெள்ளைக் காரு நிக்குது பாருங்க, அதுல உக்காந்திருக்காரு. கூட இருக்கறது பூபதி, எங்கொழுந்தனார் பையன். ஆம்பளைங்க வந்தாக் கடைக்காரன் நாலு கேள்வி கேப்பான், பொம்பளை போனாக் கேக்க மாட்டான்னாங்க. எங்க ஊர்லயே கடை இருக்குதுங்க. அங்க வேண்டாம், ஈரோட்டுக்கே போலாம்னு கூட்டிட்டு வந்துட்டாங்க.

நான் பேசாம இருக்கற ஆளா, சொல்லுங்க? எவ்வளவு பெரிய சங்கதியா இருந்தாலும் சரி, என் வாயில நிக்காது. எம் பொண்ணு தாரணி என்னை ரேடியோன்னுதான் கூப்பிடுவா. 'ஏ ரேடியோ, சோறு போடு'ம்பா. வீட்டை விட்டுப் போறப்ப எங்கிட்டக் கூட ஒரு வார்த்தை சொல்லலை. வயித்தெரிச்சலா இருந்துச்சு. பொறவு யோசிச்சுப் பாத்தேன், அவ செஞ்சது சரிதான். சொல்லியிருந்தா அடுப்படியில இருந்து வாசலுக்கு வர்றதுக்குள்ள நான் உளறியிருப்பேன்.

பொத்தானைச் சுத்தி என்ன அப்பியிருக்குதுன்னு கேக்கறீங்களா? சந்தனமுங்க.

சரஸ்வதி பூசைக்குப் புத்தகத்தோட சேத்து இதையும் சாமி முன்னால வெப்பேன். பொத்தான் வட்டமா இருக்குதுங்களா, அதுல சந்தனம் வெச்சு மேல குங்குமம். ஓரத்துல ஓட்டை ஓட்டையா இருக்குதே, அங்க விபூதிப் பட்டை. அப்பறம் மஞ்சத்தண்ணி தெளிப்பேன். அவ கத்துவா, அம்மா அது மூச்சு விடற ஓட்டை, அடைக்காதேன்னு. பூசை முடிஞ்சதும் காது குடையற பஞ்சை வெச்சு நோண்டித் தொடைச்சுருவா. அவ போனதுக்கப்பறம் தொடைக்க ஆளில்லை. அவ இல்லாத குறைக்கு நானும் கொஞ்சம் தாராளமாவே அப்பிட்டேன். பூபதி பாத்துட்டுச் சிரிச்சான், பெரியம்மா நீங்களே இதுக்குச் சமாதி கட்டிட்டீங்கன்னு. எம் பொண்ணு இருக்கற எடத்துக்குப் போற வழியை நானே சந்தனம் வெச்சு அடைச்சுட்டனேன்னு எனக்கு அழுகையா வந்துச்சு. எங்கூட்டுக்காரரு அதுக்கு என்னைத் திட்டலை. மின்னயெல்லாம் ஒரு டம்ளர் ஒடைஞ்சாக் குதிப்பாரு. இப்ப என்னை ஒண்ணுமே சொல்றதில்லை.

பேட்டரியைக் கழட்டிட்டுப் பாக்கறீங்களா? பாருங்க, பாருங்க. பூபதியும் கழட்டிப் பாத்தான். வேற சார்ஜர் கூடக் கொண்டு வந்து மாட்டினான். பொத்தானை ரொம்ப நேரம் அமுக்கியே வெச்சிருந்தான். அவன் இஞ்சினியருக்குப் படிச்சவன், ஆனா ஸ்க்ரூவுல கை வெக்கப் பயந்துக்கிட்டான். எதையாச்சும் தொட்டு உள்ள இருக்கறது போயிருச்சுன்னா என்ன பண்றதுன்னுதான்.

உள்ள என்ன இருக்குதா? அதைத்தான் சொல்லக் கூடாதுன்னாங்க.

சரி, உங்ககிட்டச் சொன்னா என்ன. எம் பொண்ணு ஒரு பையனைக் கட்டிக்கிட்டா தம்பி. காலேஜ்ல கூடப் படிச்சவன். நல்ல பையன்தான், ஒருக்கா எங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்து அவளுக்கு நோட்டு கொடுத்துட்டுப் போனான், நான்தான் மோர் கொடுத்தேன். ஆனா நம்ம ஆளுங்க இல்லை. நீங்க என்ன ஆளுங்க தம்பி? சும்மாதான் கேக்கறேன். சொல்ல வேண்டாம்னா விடுங்க.

அவ போன அன்னைக்கு எங்கூட்டுக்காரரு பண்ணுனதைக் கேளுங்க. மொட்டை அடிச்சுக்கிட்டு வந்தாரு. கெணத்துல எறங்கித் தலை முழுகினாரு. கண்ணீர் அஞ்சலின்னு போஸ்டர் அடிச்சு, பஸ் நிக்கற எடத்துல இருந்து கோயில் வரைக்கும் ஒட்டச் சொன்னாரு. போட்டோ மட்டும் நல்லா விழுந்திருந்துச்சு, ஸ்டுடியோவுல எடுத்தது, கல்யாணத்துக்குப் பாக்க வெச்சிருந்த போட்டோ. கருமாதி அன்னைக்கு ஒறம்பரை, சொந்தக்காரங்க எல்லாம் வந்து சாப்புட்டுட்டுப் போனாங்க. நாந்தான் சாம்பார் வெச்சேன். பொண்ணு எங்கியோ உசுரோட நல்லா இருக்கறா, இங்க அவ கருமாதிக்கு நான் சாம்பார் வெக்கறேன். எனக்கே ஒரு மாதிரித்தான் இருந்துச்சு. ஆனா மானஸ்தன் தம்பி அவரு, வேற என்ன பண்ணுவாரு? மனசுல இருக்கறது வெளிய வந்துட்டா ஆறிப் போயிரும்னு நெனச்சேன்.

ஆறலை. ரெண்டு வருசமா அவ பேரை வீட்டுல யாரும் எடுக்கலை. அவ தட்டைக் கூடத் தூக்கிக் கெணத்துல போட்டுட்டாரு. இந்த லேப்டாப்பு தப்பிச்சதே நான் சாமி அலமாரியில வெச்சிருந்ததால, அங்க கை வெக்க மாட்டாரு.

ஸ்க்ரூவைக் கழட்டறீங்களா? தொலைச்சுராதீங்க. அடேயப்பா, உள்ள எவ்வளவு தூசி. அது மஞ்சளா இருக்குதே, அது நான் தெளிச்ச தண்ணியா? கோவிச்சுக்காதீங்க தம்பி, நான் கண்டனா.

அப்பறம் போன மாசம் எங்க ஊர்க்காரர் ஒருத்தர் சேலம் பஸ் ஸ்டாண்டுல அவளைப் பாத்திருக்காரு. மாசமா இருக்கறா, வயிறு நல்லாவே தெரியுதுன்னு வந்து சொன்னாரு. எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. எங்கூட்டுக்காரரு கேட்டுட்டு எந்திரிச்சுத் தோட்டத்துக்குப் போயிட்டாரு. பொழுதுக்கும் அங்கயே இருந்தாரு. திரும்பி வந்தப்ப ஆளே வேற ஆளு தம்பி. எம் பக்கத்துல உக்காந்தாரு. உக்காந்து, "நம்ம புள்ளைக்குக் கட்டுச்சோறு பண்ண வேண்டாமா"ன்னாரு.

நம்ம புள்ளைன்னாரு தம்பி. ரெண்டு வருசம் கழிச்சு அந்த வாயில அந்த வார்த்தையைக் கேட்டேன். நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். பேரப்புள்ளைன்னா எப்பேர்ப்பட்ட கல்லும் கரைஞ்சுரும்னு அன்னைக்குத்தான் கண்டேன்.

கட்டுச்சோறு தெரியுமில்லைங்க? மத்த பக்கம் வளைகாப்புன்னு சொல்லுவாங்களே, அது மாதிரிதான். அம்மா வீட்டுல இருந்து புளிச்சோறு, தக்காளிச்சோறு, தயிர்ச்சோறுன்னு விதவிதமா ஆக்கிக் கட்டிட்டுப் போயி, பொண்ணுக்கு வளையல் போட்டு, வந்தவங்களுக்கெல்லாம் சோறு போட்டு, பிரசவத்துக்குக் கூட்டிட்டு வர்றது. ஊரே சாப்பிடும்.

ஆனா அவ எங்க இருக்கறான்னே தெரியாதே. போன் நம்பர் மாத்திட்டா. அப்பத்தான் பூபதி சொன்னான். அக்கா லேப்டாப்புல அக்காளோட மெயில் தொறந்தபடியே கெடக்கும் பெரியம்மா, அவ ஆன்லைன்ல எதை வாங்கினாலும் எந்த ஊரு, எந்தத் தெரு, கதவு நம்பர் என்னன்னு அதுல வந்து விழுகும்னான். அதைக் கேட்டதும் நான் ஓடிப் போயி அலமாரியைத் தொறந்து எடுத்துட்டு வந்தேன். எடுத்துக் கொடுத்தவளே நான்தான். அமுக்கினா எந்திரிக்க மாட்டேங்குது.

அந்தப் பச்சை அட்டையை எதுக்கு ரப்பர் வெச்சுத் தேக்கறீங்க? பள்ளிக்கூடத்துப் பசங்க தேக்கற ரப்பர் மாதிரியே இருக்குது. அது அழுக்காயிருந்தாலும் எந்திரிக்காதா? சரி சரி, தேயுங்க. நல்லாத் தேயுங்க.

அவரு கோவக்காரருதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா பாசத்துக்கு ஒரு கொறையும் இல்லை. எங்க வீட்டுல ஒரு நாய் இருந்துச்சுங்க, செவலை. அவரு பின்னாலயே திரியும். அது பக்கத்துத் தோட்டத்துல ஒருத்தங்க சோறு வெக்கறாங்கன்னு அங்கயே போயிப் படுத்துக்க ஆரம்பிச்சுது. கூப்பிட்டா வரலை. அவருக்கு மனசு ஒடைஞ்சு போச்சு. ஒரு நாள் கறி எடுத்துட்டு வந்து, தன் கையாலயே சோத்துல பெசைஞ்சு வெச்சுக் கூப்பிட்டாரு. வாலை ஆட்டிட்டு ஓடி வந்துச்சு. அது தின்னு முடிக்கற வரைக்கும் பக்கத்துல உக்காந்து முதுகைத் தடவிக் கொடுத்தாரு. பொறவு தோட்டத்துப் பக்கம் கூட்டிட்டுப் போனாரு. அப்படி ஒரு பாசம்.

நாயா? அது அப்பறம் வரலைங்க. எங்கியோ ஓடிப் போச்சுன்னு சொன்னாரு.

ஏன் தம்பி நிறுத்திட்டீங்க? அந்த ஸ்க்ரூவை மாட்டுங்க.

இந்தப் பையில என்ன இருக்குதுன்னு பாருங்க. வளையல். பச்சையும் செவப்பும், அவ கை அளவு எனக்குத் தெரியும். வர்ற வழியில அவரே காரை நிறுத்தி, போயி வாங்கிட்டு வான்னாரு. நான் நாலு கடை ஏறி எறங்கினேன், ஒரு சலிப்பு இல்லை அவருக்கு. கண்ணாடி வளையல், பேப்பர்ல சுத்திக் கொடுத்திருக்காங்க. குலுங்கற சத்தம் கேக்குதா?

எங்க வெச்சுப் பண்றீங்கன்னு கேக்கறீங்களா? வீட்டுல பண்ண முடியாதுங்க. கருமாதி பண்ணுன பொண்ணு, வாசப்படி மிதிக்கக் கூடாதில்லை. நானும் அதைக் கேட்டேன் அவர்கிட்ட. தோட்டத்துச் சாளையில வெச்சுக்கலாம்னாரு. ஊருக்கு வெளிய இருக்குதுங்க, கரும்புக் காட்டுக்கு நடுவுல. முந்தி மாடு கட்டிக்கிட்டிருந்தோம், இப்பச் சும்மா கெடக்குது. அங்க வரைக்கும் அவளைக் கூட்டிட்டு வர்றது பூபதி பொறுப்பு. அம்மா கூப்பிடுதுன்னு சொன்னா வந்துருவா. நான் நேர்ல போயி நிக்கணும், என்னைப் பாத்தாத்தான் கதவையே தொறப்பாங்கறாரு. அதுவும் சரிதானுங்களே?

யார் யார் வர்றாங்களா? ஒறம்பரையை இப்பக் கூப்பிட வேண்டாம்னுட்டாரு. கட்டிக் கொடுத்த எம் பெரிய பொண்ணுக்குக் கூடச் சொல்ல வேண்டாம்னாரு. ஊர் வாயில விழுந்தா மறுபடியும் பிரச்சினைன்னு. போனைக் கூட வீட்டுலயே வெச்சுட்டு வரச் சொன்னாரு இன்னைக்கு. மூணு பேரு போனும் வீட்டுல டிவி மேல இருக்குது. வழியில யாராச்சும் கூப்பிட்டு நான் உளறிருவேன்னுதான். என்னைப் பத்தித் தெரியுமே.

சோறா?

சோறு... நானும் கேட்டேன் தம்பி. அரிசி எத்தனை படி ஊற வெக்கட்டும், புளி கரைக்கட்டுமான்னு. அதெல்லாம் வேண்டாம்னாரு. ஓட்டல்ல வாங்கிக்கலாமான்னு கேட்டேன். "வரட்டும், மொதல்ல தோட்டத்துக்கு வரட்டும்"னாரு.

கட்டுச்சோத்துக்குச் சோறு வேண்டாம்னு சொல்ற ஆளை நான் இப்பத்தான் பாக்கறேன்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவரு மனசு மாறிட்டாரு. மாறிட்டாருன்னுதான் நான் நெனச்சுக்கிட்டிருக்கறேன். எங்கிட்ட எத்தனை தன்மையாப் பேசறாரு தெரியுமா? கறி எடுத்துட்டு வர்றாரு. பக்கத்துல உக்காந்து, சாப்புடு சாப்புடுங்கறாரு.

கொஞ்சம் தண்ணி இருந்தாக் கொடுங்க தம்பி.

அது என்ன சத்தம்? பேனு சுத்துதா? லைட்டு... லைட்டு எரியுதுங்க. எந்திரிச்சுருச்சா? பொத்தான்ல இருந்த சந்தனம்தான் தடுத்துதா? அப்ப ரெண்டு வருசமா அது ஒண்ணுதான் தடுத்துக்கிட்டு இருந்திருக்குது.

ரகசிய வார்த்தை கேக்குதுங்களா? அது எனக்குத் தெரியும். எங்க எருமைக் கன்னுக்குட்டி பேரு, செல்லாத்தா. அவதான் ஒவ்வொரு எழுத்தா அமுக்கச் சொல்லிக் கொடுத்தா, நான் சீரியல் பாக்கறதுக்காக. தள்ளுங்க, நானே அமுக்கறேன். பூபதிகிட்ட அதையும் நான் சொல்லிட்டேன், என் வாய்தான்.

அவ போட்டோவுங்க. மலைக்குப் போயிருந்தப்ப எடுத்தது. சிரிக்கறா பாருங்க. இப்படித்தான் சிரிப்பா, பல்லு தெரிய.

மெயில் தொறந்துருச்சா? நெசமாலுமா? பூபதி சொன்ன மாதிரியே கெடக்குதா? என்னென்னமோ வரிசையா வந்து விழுகுது. நீங்க படிச்சுச் சொல்லுங்க, எனக்கு இங்கிலீசு... வேண்டாம். வேண்டாம் தம்பி, இருங்க. சொல்லாதீங்க. ஊர் பேரைச் சொல்லாதீங்க. எந்தப் பக்கம்னு கூடச் சொல்லக் கூடாது. நான் இந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கறேன்.

எனக்குத் தெரிஞ்சா நிக்காது. கார்ல ஏறி உக்காந்து அவரு ஒருக்கா எம் மூஞ்சியைப் பாத்தாப் போதும், கொட்டிருவேன். எம் பொண்ணு எங்க இருக்கறான்னு ரெண்டு வருசமா ஒரு நாள் விடாம சாமிகிட்டக் கேட்டேன். இதோ எம் முதுகுக்குப் பின்னால எழுதியிருக்குது. நான் பாக்கப் போறதில்லை.

என்ன வாங்கியிருக்கறான்னு மட்டும் சொல்லுங்க. அது சொல்லலாம், அதுல ஒண்ணும் தப்பில்லை.

சின்னச் சட்டையா? என்ன கலரு? மஞ்சளா. அப்பறம்? கொசுவலை, குழந்தைக்கு. சரி. வலையெல்லாம் வாங்கத் தெரிஞ்சிருக்குது அவளுக்கு. அந்தப் பையன் நல்லாத்தான் வெச்சிருக்கறான் போல இருக்குது. போதும் தம்பி, மூடுங்க.

இப்ப நான் சொல்றதைக் கேளுங்க, நேரமில்லை. இது எந்திரிக்கலை. எந்திரிக்கவே எந்திரிக்காது. உள்ள அட்டை எரிஞ்சு போச்சு, தண்ணி எறங்கிருச்சு, எதையாச்சும் சொல்லுங்க, உங்களுக்குத் தெரியும். அதுக்குள்ள டிஸ்க்குன்னு ஒண்ணு இருக்குதாமே, கடைக்காரன் முடியாதுன்னுட்டா அதைக் கழட்டிக் கொண்டு வரச் சொன்னான் பூபதி, வேற எதுலயோ மாட்டிப் பாக்கறதுக்கு. அதுக்குப் பதிலா உங்ககிட்ட இருக்கற செத்துப் போன டிஸ்க்கு ஒண்ணைக் கொடுங்க, இந்த லேப்டாப்பு இங்கயே கெடக்கட்டும். எதைக் கொடுத்தீங்க, எப்படி மாத்துனீங்கன்னு எனக்குச் சொல்லாதீங்க.

இந்தா, வளையல் பை. அட்ரஸ் உங்களுக்குத் தெரியுமில்லை. கூரியர்ல போட்டுருங்க. கூட ஒரு துண்டுச் சீட்டு எழுதி வையுங்க. வீட்டை மாத்திக்கோ, சேலம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வராதே, அப்பா கூப்பிடறாங்கன்னு யார் வந்து சொன்னாலும் வராதே, நானே வந்து நின்னு கூப்பிட்டாலும் கதவைத் தொறக்காதேன்னு எழுதுங்க. எம் பேரு போட வேண்டாம். ரேடியோ சொன்னுதுன்னு எழுதுங்க, அப்பத்தான் நம்புவா. நீங்க யாரு எவருன்னு எனக்குத் தெரியாது தம்பி. கேட்டதுக்கு நீங்க சொல்லவும் இல்லை. உங்களைத்தான் நம்பறேன்.

நான் தப்பா நெனைக்கறனோ என்னமோ. கட்டுன புருசனைப் பத்தி இப்படி நெனைக்கறது பாவம். நான் நெனைக்கறது தப்பா இருந்தா, வெறுங்கையோட போற என்னைப் பாத்து, வளையலைக் காணமே, எங்கன்னு ஒரு வார்த்தை கேப்பாரு. எங்கியோ விட்டுட்டேன்னு சொல்லித் திட்டு வாங்கிக்கறேன். எத்தனை திட்டினாலும் வாங்கிக்கறேன். கேக்கட்டும் சாமி.

வர்றாரு. பையைக் கீழ வையுங்க.

வாங்க. இல்லைங்க, ஆகாதாம். தம்பி எவ்வளவோ பாத்துருச்சு. நான் தெளிச்ச தண்ணிதான் உள்ள எறங்கிருச்சாம். நீங்களே கேளுங்க. தம்பி, அந்த டிஸ்க்கு கேக்கறாரு பாருங்க, கொடுத்துருங்க. ஆமாங்க, நான் ஒண்ணும் பேசலை. போட்டோ எடுக்கணும்னு மட்டும்தான் சொன்னேன். வர்றேன், நீங்க போங்க.

தம்பி. இந்தப் பாவாடைத் துணியை மறந்துட்டேன்னு சொல்லிட்டு வந்தேன், ஒரு நிமிசம்தான்.

வாசல்ல நின்னு எங்கையைப் பாத்தாரு. ரெண்டு கையையும் பாத்தாரு. டிஸ்க்கைப் பத்திரமாப் பிடின்னு சொல்லி எங்கையில கொடுத்தாரு.

வளையலைக் கேக்கலை தம்பி.